பூண்டு தேய்த்த கிண்ணம்

குவைத், 6 மார்ச் 2009, வெள்ளிக்கிழமை.

அன்பு மனைவி நஸீராவுக்கு,

உன் மூட்டுவலி தணிந்திருக்க இறைவனை வேண்டுகிறேன். நான் நலம்.

இன்று வெள்ளை பீன்ஸை அவித்து, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், வெங்காயம் சேர்த்து, நீ செய்யும் சாலட்டை நானே செய்தேன். உன் சுவை வரவில்லை.

நம் சிரியாக்காரரான அறைத்தோழர் ஷஃபீக் சுவைத்துவிட்டு, "அண்ணே, கிண்ணத்துல பூண்டு தேய்க்கலையா? நம்ம ஊரு லதாக்கியாப் பொம்பளைங்க எல்லாருமே தேய்ப்பாங்களே!" என்றார்.

"எங்க வீட்டுக்குள்ள பூண்டு நுழைஞ்சதே இல்லப்பா."

"அப்ப அண்ணி பெரிய கெட்டிக்காரிதான்!"

தேய்த்துப் பார்த்தேன். முதல் வாயிலேயே உன் சுவை வந்தது. பூண்டு கூடாது என்று 1968 செப்டம்பர் 12, நம் மணநாளிலேயே சொன்னேனே! எந்தத் தேதியில் தொடங்கினாய் என்பதை மறைக்காமல் எழுது. எத்தனை பல் என்பதையும் எழுது.

கடிதத்தை வாங்க ஷஃபீக் நிற்கிறார். சாலட் வாயில் வைக்க விளங்கவில்லை என்றே அவரிடம் சொல்லியிருக்கிறேன்; கிண்ணம் காலி.

உன் ஹிக்மத்