எடுக்காத சீட்டு

சென்னை,
12.8.1999

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு, கிருபா எழுதுவது.

அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை ஊறவைக்கும்முன் பையைத் துழாவினேன். நாலாய் மடித்த சின்னக் காகிதம் ஒன்று இருந்தது.

நான் நலம். குவைத்தில் நீங்கள் வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் உங்களை நேரத்துக்குச் சாப்பிட விடுகிறார்களா? இங்கே திருவொற்றியூரில் தண்ணீர் லாரி மூன்று நாளாக வரவில்லை.

தன் காலைப் பற்றி அப்பா போனில் உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார். கிடங்கில் ஆணி குத்திய இடம் கறுத்துவிட்டது. சர்க்கரை இருப்பதால் இரண்டு விரலை உடனே எடுக்க வேண்டும், விட்டால் காலே போகும், உயிரும் போகலாம் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். தினமும் கட்டுப் பிரிப்பவள் நான். அந்த வாடை எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு உபதேசியார் தேவப்பிரியம் ஐயா வந்து ஜெபித்தார். நம் வழக்கப்படி ஆபரேஷன் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு சீட்டு வேதாகமத்துக்குள் வைத்தோம். எழுதியது அப்பா. எடுத்தது நான். 'வேண்டாம்' வந்தது. அப்பா அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னார். கர்த்தர் சித்தம் ஆகட்டும் என்று நீங்களும் போனில் சொன்னீர்களாம்.

சட்டைப் பையில் இருந்தது அன்று நான் எடுக்காத சீட்டு. அதிலும் 'வேண்டாம்' என்றுதான் எழுதியிருக்கிறது.

அப்பாவிடம் நீட்டினேன். "எட்டாங்கிளாஸோட நின்னவ, எனக்கு வேதம் சொல்லிக்கினு வந்துட்டியா?" என்று கத்தினார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பி, "கத்தின்னா பயமா கீதும்மா" என்றார். மூட்டை தூக்கின மனுஷன்.

உபதேசியார் ஐயாவிடமும் காட்டினேன். கர்த்தர் ஆபரேஷன் வேண்டாமென்றார் என்று சபையில் சாட்சி சொல்லியாகிவிட்டதே என்று சங்கடப்பட்டார். மறுபடி சீட்டுப் போடலாம் என்றார். நாலு பேர் முன்னால் பேர் கேட்டாலே எனக்குப் பேச்சு வராது, உங்களுக்குத் தெரியும். அன்று வந்தது. "இனிமேல் சீட்டு வேண்டாம் ஐயா. ஆண்டவர் 'வேண்டும்' என்று சொல்ல நாம் இடமே வைக்கவில்லை" என்றேன்.

நான் விசுவாசம் இல்லாதவள் இல்லை அம்மா. ஆபரேஷன் செய்தும் அப்பா பிழைக்காவிட்டால், அதை ஆண்டவர் சித்தம் என்று ஏற்றுக்கொள்வேன். எனக்குப் புரியாதது அவருக்குத் தெரியும். ஆனால் அப்பாவின் பயத்தை ஆண்டவர் வார்த்தை என்று ஏற்க மாட்டேன். நீங்கள் சொன்னாலும் மாட்டேன்.

இன்று காலை பக்கத்து வீட்டு ஷாகுல் ஹமீது மாமா ஆட்டோ கொண்டுவந்தார். "இன்னா ராசையா, ரெண்டு வெரலுக்கு இவ்ளோ பேஜாரா? மிச்சம் எட்டு கீதே" என்றார். அப்பாவுக்கு அவரையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஏற்றிவிட்டோம்.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். என்மேல் கோபமிருந்தால் பிறகு எழுதுங்கள். இப்போது அப்பாவுக்காக மட்டும் முழங்கால் போடுங்கள். அந்த தேசத்தில் கர்த்தர் உங்களைத் தனியே விடமாட்டார்.

சற்றுமுன் நர்ஸ் சம்மதக் காகிதம் கொண்டுவந்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் பேனா மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

உங்கள் மகள்,
கிருபா