தலைவர் போர்த்திய போர்வை

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை. சலவைக்கூடத்து வேலையும் வழக்கம்போல் ஓடுகிறது.

"ரூமுக்குள்ளயே அடஞ்சு கிடக்காம நாலு பேரோட பழகுடா" என்றீர்களே, அதற்காகத்தான் இங்குள்ள சேவைச் சங்கத்தில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் நாற்காலி போடுவதும் டீ ஊற்றுவதும் என் பொறுப்பு. தலைவர் என் கையால் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

போன வாரம் ஏழைகளுக்குப் போர்வை கொடுத்தோம். எல்லாரும் போட்டிருந்த சங்கத்துப் பனியன் எனக்கு மட்டும் இல்லாமல் போய்விட்டது. வாங்க வந்தவர்களின் வரிசை கலைகிறதே என்று சரிசெய்யப் போய் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். தலைவர் வந்து என் தோளிலும் ஒரு போர்வையைப் போர்த்தி, "குளிர்ல ரொம்பக் கஷ்டப்படுறீங்க போல. எங்க தங்கியிருக்கீங்க?" என்று கேட்டார். எல்லாரும் கைதட்டி போட்டோ எடுத்தார்கள். நான் கும்பிட்டுவிட்டேன். வேறென்ன செய்ய? நினைத்தால் சிரிப்பாகத்தான் வருகிறது. அந்த போட்டோ யார் போனிலாவது வந்தால் அம்மாவிடம் காட்டாதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உங்கள் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. இந்த ஞாயிறும் கூட்டம் இருக்கிறது. போகாவிட்டால் யாரும் தேடப்போவதில்லை. போர்வை நல்ல கனம், அப்பா. அதைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் மகன்