பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

அக்டோபர் 4

என் தங்கத்துக்கு,

அதெல்லாம் சாப்பிட்டாச்சு, மாத்திரை போட்டாச்சு, முட்டிக்குத் தைலமும் தேச்சாச்சு. இனிமே நீ அதைக் கேக்காதே, முதல்ல நான் சொல்றதைக் கேளு. நீ அனுப்பின தாள் இந்தக் கவர்லயே இருக்கு. பன்னெண்டு வயலுக்கும் எழுதிட்டேன்.

போன்ல சொல்லலாம்தான். ஆனா போனை எடுத்தா உன் மாமா பக்கத்துல வந்து உக்காந்து, எனக்குப் பதிலா அவரே பேசி முடிச்சுடறார். லெட்டர்ல அவர் வாயைத் திறக்க முடியாது பாரு.

நீ சொன்ன மாதிரியே வியாழக்கிழமை காலைல பத்தரைக்கு, உன் செயற்கைக்கோள் நம்ம ஊரைத் தாண்டற நேரத்துக்கு, வயல்ல போய் நின்னேன். அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலிச்சதுதான் மிச்சம். "பகல்ல நட்சத்திரம் எண்ணறியா?"ன்னு மாமா வரப்புல நின்னு கேலி. "மேல நம்ம பொண்ணோட ஆள் போறாரு, கொஞ்சம் மரியாதையா நில்லுங்க"ன்னு சொன்னேன். மனுஷன் நிஜமாவே துண்டைச் சரி பண்ணிக்கிட்டார்.

தாள்ல இடது பக்கம் உன் படம் என்ன சொல்லுதுன்னு நீயே அச்சடிச்சிருக்கே. பொதி கட்டியாச்சு, அதாவது கதிர் தண்டுக்குள்ள உருண்டு நிக்குதுன்னு. வலது பக்கம் நான் கண்ணால பார்த்ததை எழுதணும். எழுதிட்டேன். எல்லாம் ஒத்துப்போகுது. நீ நிம்மதியா தூங்கு.

இது ஆறு மாசத் தற்காலிக வேலை, படமும் நிலமும் ஒத்துப்போனாத்தான் நிரந்தரம் பண்ணுவாங்கன்னு நீ எழுதினியே, அன்னைலேர்ந்து சாமிகிட்ட உன்னைப் பத்தியே நச்சரிக்கறேன். அவருக்கே அலுத்துப் போயிருக்கும். உன் அப்பாவைக் கேட்டதா சொல்லு. அண்ணன்னு ஒருத்தர் இருக்கார், வருஷத்துக்கு ஒரு வரி கிடையாது.

உன் நினைப்பாவே இருக்கிற
அத்தை


அக்டோபர் 10

அன்பான அத்தைக்கு,

தாள் வந்து சேர்ந்தது. கவரைப் பிரித்ததும் தைல வாசனைதான் முதலில் வந்தது.

என் மேஜை ஜன்னல் இல்லாத ஒரு மூலையில் இருக்கிறது. வயல் என்பது எனக்குத் திரையில் தெரியும் சின்னச் சின்னச் சதுரங்கள்தான். ஒரு சதுரம் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். ஒரு வயல் எந்தத் தேதியில் பச்சையாக ஆரம்பித்தது என்று எங்கள் கணினி பார்க்கும். அங்கிருந்து நாளை எண்ணி, பயிர் இப்போது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று சொல்லும். அது சரியா என்று நிலத்தில் நின்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அதற்குத்தான் நீங்கள்.

மற்ற ஊர்களில் பத்துக்கு ஏழு, எட்டு ஒத்துப்போனது. உங்கள் தாளில் மட்டும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு! எங்கள் மேலதிகாரி அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் "யார் இந்த அத்தை?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன், அத்தை. வேலைக்குச் சேர்ந்த பிறகு அன்றைக்குத்தான் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொன்று. அணையில் தண்ணீர் குறைவு. இன்னும் ஒரே ஒரு முறை, எட்டு நாள், மதகைத் திறக்க முடியுமாம். அது பூக்கும் நேரத்தில் கிடைத்தால்தான் நெல், இல்லையென்றால் பதர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எப்போது திறப்பது என்பதை இந்த முறை நம் படத்தை வைத்து முடிவு செய்யப்போகிறார்கள். உங்கள் தாளைப் பார்த்துவிட்டு வாய்க்கால் அதிகாரி சம்மதித்துவிட்டார். அக்டோபர் 28 காலையில் திறக்கிறார்கள்.

மாமாவிடம் சொல்லுங்கள், அந்த ஆள் அவருடைய துண்டைக் கவனித்தாராம்.

என்றும் உங்கள் செல்லம்


அக்டோபர் 14

கண்ணு,

உன் லெட்டரை மாமா சத்தமா படிச்சார். நான் பாத்திரம் தேச்சுக்கிட்டே கேட்டேன். "யார் இந்த அத்தை"ங்கற இடத்தை அவர் ரெண்டு தடவை படிச்சார். இருபத்தெட்டாம் தேதி மதகுன்னு வந்ததும் என் கைல இருந்த சட்டி கீழ விழுந்துடுச்சு. உடையல, அலுமினியம்தான்.

முதல்ல நல்ல சேதியா எழுதுவோம்னு பார்த்தேன். பக்கத்து வீட்டு மாடு கன்னு போட்டிருக்கு. கூரை ஒழுகறது நின்னுடுச்சு. அவ்வளவுதான், நல்ல சேதி தீர்ந்துபோச்சு.

நான் பொய் எழுதிட்டேன் தங்கம்.

பயிர் பொதி கட்டல. ஒரு தண்டைக் கிள்ளி நகத்தால பிளந்து பார்த்தேன். உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் இலைச்சுருள். இன்னும் தூர்தான் கட்டிக்கிட்டிருக்கு, அடியிலேர்ந்து புதுசு புதுசா கிளை விடுது. நாங்க விதைச்சதே ஆகஸ்ட் இருபத்தஞ்சு. பூ வர நவம்பர் பாதி தாண்டிடும். இதுக்கு வானத்துலேர்ந்து ஆள் வரணுமா, நான் வரப்புலேர்ந்தே சொல்லுவேன்.

சொல்லியிருக்கணும். ஆனா தாளோட இடது பக்கம் அச்சு எழுத்துல அவ்வளவு அழகா இருக்கு. ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவ நான். அச்சுல வந்ததைத் தப்புன்னு எழுத எனக்குக் கை வரல. அதோட, படம் தப்புன்னு நானே எழுதினா உன் வேலையை உன் அத்தையே பிடுங்கின மாதிரி ஆயிடுமே. அதனால நீ அச்சடிச்சதைப் பார்த்துப் பன்னெண்டையும் அப்படியே இறக்கிட்டேன்.

அன்னைக்கே சாமிகிட்ட சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. வழக்கமா அவர் பேசாம இருந்தா, சரிங்கறார்னு எடுத்துக்குவேன். இந்தத் தடவை அவர் பேசாம இருந்தது நம்ம வாத்தியாரம்மா பேசாம இருப்பாங்களே, அந்த மாதிரி இருந்தது.

மாமாகிட்டயும் சொல்லிட்டேன். "பரீட்சைல பக்கத்துல எட்டிப் பார்த்து எழுதினவதானே நீ"ன்னார். அப்புறம் சிரிப்பெல்லாம் போயிடுச்சு. இருபத்தெட்டாம் தேதி தண்ணி வந்தா பூக்காத பயிருக்குப் போகும். பூக்கும்போது வாய்க்கால் காய்ஞ்சு கிடக்கும். நம்ம வயல் மட்டும் இல்ல, இந்த வாய்க்கால்ல எல்லாருக்கும் பதர்தான்.

நீ உடனே உன் மேலதிகாரி அம்மாகிட்ட போய்ச் சொல்லிடு. திட்டினா என்னைத் திட்டச் சொல்லு. வேணும்னா நானே பஸ் ஏறி வந்து நிக்கறேன்.

அத்தை


அக்டோபர் 19

அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. நீங்கள் போன் செய்ததையும் பார்த்தேன். எடுத்தால் கத்திவிடுவேன் என்று எடுக்கவில்லை.

நான் கேட்டது உங்கள் கண்ணை. நீங்கள் என் கண்ணையே எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். எழுந்து நின்றேனே அத்தை, அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

தப்பு என் மேலும் இருக்கிறது. கேள்வித்தாளின் ஓரத்தில் விடையை அச்சடித்தது நான்தான். மேலதிகாரி அம்மாவும் அதைத்தான் சொன்னார். ஆமாம், அவரிடம் சொல்லிவிட்டேன். அவரே என்னை வாய்க்கால் அதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போனார். "போன வாரம் பொதின்னீங்க, இன்னைக்கு தூர்ங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்லப்போறீங்க?" என்று அந்த அதிகாரி கேட்டார்.

அவர் கேட்பது இதுதான். நம் படம் இருபது நாள் முந்திக்கொண்டு போனது ஏன்? காரணத்தை 27ஆம் தேதிக்குள் காட்டினால் மதகை நவம்பர் பாதிக்குத் தள்ளிவைப்பார். காட்டாவிட்டால் 28 காலையில் திறந்துவிடுவார். காரணம் தெரியாமல் தேதியை மாற்ற மாட்டாராம். என் வேலையும் அந்தக் காரணத்தில்தான் தொங்குகிறது. இரண்டு நாளாகப் படங்களைப் புரட்டுகிறேன். பச்சை ஆகஸ்ட் ஐந்தாம் தேதி வாக்கில் ஆரம்பித்திருக்கிறது, அது திரையில் தெளிவாகத் தெரிகிறது. நீங்களோ இருபத்தைந்தில் விதைத்ததாகச் சொல்கிறீர்கள்.

புதுத் தாள் அனுப்பியிருக்கிறேன். இடது பக்கம் காலி. பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

முட்டி எப்படி இருக்கிறது?

உங்கள் அண்ணன் மகள்


அக்டோபர் 23

என் அண்ணன் மகளுக்கு,

அப்படியா கையெழுத்துப் போடுவே? அதைப் பார்த்துட்டு ஒரு நாள் பூரா எனக்குச் சோறு இறங்கல. மறுநாள் இறங்கிடுச்சு, அது வேற விஷயம். நீ கோவிச்சுக்கறது நியாயம்தான். உன் வயசுல நானா இருந்தா பதிலே போட்டிருக்க மாட்டேன். நீ போட்டிருக்கே, முட்டியையும் கேட்டிருக்கே. முட்டி அப்படியேதான் இருக்கு.

தாள் உள்ள இருக்கு. இந்தத் தடவை பன்னெண்டு வயல்லயும் இறங்கி நடந்தேன். ஒவ்வொரு வயல்லயும் அஞ்சு இடத்துல தண்டைப் பிளந்து பார்த்தேன். நான் ஏமாத்தாம இருக்கேனான்னு காவலுக்கு மாமா. "சத்தியமா பொதி இல்லையே?"ன்னு ஒவ்வொரு தண்டுக்கும் கேக்கறார். "நீங்களே பாருங்க"ன்னு கைல கொடுத்தேன். கண்ணாடியை வீட்லயே வச்சுட்டு வந்திருக்கார். காவல் லட்சணம்.

வாய்க்கால் கரையில எல்லாரும் சூழ்ந்துக்கிட்டாங்க. மறைக்கல, சொல்லிட்டேன். "அக்கா, உங்க பொய்யால எங்க வாய்ல மண்ணா?"ன்னு கடைக்காரம்மா கேட்டா. "பொண்ணு வேலைக்காகப் பண்ணிட்டேன்"னு மட்டும் சொன்னேன். அவளே திரும்பக் கேட்டா, "சரி, பொண்ணு என்ன சொல்லுது?" "காரணம் தேடுது." "அப்ப தேடட்டும், சீக்கிரம் தேடச் சொல்லுங்க"ன்னுட்டு வாய்க்கால்ல காலைக் கழுவிக்கிட்டுப் போயிட்டா. சாயங்காலம் அவளே வந்து, என் தாள்ல அவ வயலுக்கு சரியா எழுதியிருக்கேனான்னு பார்த்துட்டுப் போனா. இனிமே என் தாளை ஊரே திருத்தும் போல.

சாமிகிட்ட இந்தத் தடவை உன் வேலைக்காக வேண்டிக்கல. கோவிச்சுக்காதே. என் கண்ணுக்குத் தெரியறதை என் கை எழுதணும், அது போதும்னு கேட்டேன். அந்த அதிகாரி மனசையும் கொஞ்சம் பார்த்துக்கச் சொன்னேன். உன் மேலதிகாரி அம்மாவுக்கு நான் மன்னிப்புக் கேட்டதா சொல்லு. திட்டாம உன்னைக் கூடவே கூட்டிக்கிட்டுப் போனாங்களே, அவங்க நல்லா இருக்கணும்.

மாமா சட்டை மாட்டிக்கிட்டு நிக்கறார், டவுனுக்குப் போய் விரைவுத் தபால்ல போடறதுக்கு. நாளைக்கு மறுநாள் உன் கைல இருக்கும். உடம்பைப் பார்த்துக்கோ, வேளைக்குச் சாப்பிடு.

என்ன இருந்தாலும் உன்
அத்தை

இரு இரு. மாமா கவரை ஒட்டறதுக்குள்ள ஒண்ணு ஞாபகம் வந்துடுச்சு, இந்த ஓரத்துலயே எழுதறேன். போன தாள்ல பன்னெண்டும் பொய்னு சொன்னேனே, அது தப்பு. பதினொண்ணுதான். வாய்க்கால் கடைசியில ஓய்வு வாங்கின கணக்கு வாத்தியார் ஒருத்தர் வயல் வச்சிருக்கார். அவர் வயலுக்கு மட்டும் உன் படம் 'தூர்'னு போட்டிருந்தது. நான் பார்த்ததும் தூர்தான், அதை மட்டும் மனசார எழுதினேன். அவரும் எங்களோட அதே இருபத்தஞ்சாம் தேதிதான் விதைச்சார். ஆனா ஆகஸ்ட் ஆரம்பத்துல அந்த அடைமழை விட்டதுமே அவர் ரெண்டு உழவு போட்டுட்டார். மிச்சம் முளைச்சதையும் தப்புக் கணக்கை அடிக்கிற மாதிரி ஒவ்வொண்ணா பிடுங்கிட்டார். விதைக்கற வரைக்கும் அவர் வயல் மட்டும் வெறும் மண்ணா கிடந்தது, ஊரே சிரிச்சது. எங்க பதினொரு வயலும் அப்போ பச்சைப் பசேல்னு இருந்தது கண்ணு. ஆள் கிடைக்காம நாங்க ஒரு உழவை மேலோட்டமா ஓட்டிட்டு, அதோடயே விதைச்சோம். அந்தப் பச்சை பூரா களை.