கைநாட்டு வைத்த ஐந்து வீடுகள்

அன்புள்ள தங்கராசு அப்பாவுக்கு,

உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான இருபத்து நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட இல்லை. இப்போதும் வாய் வரமாட்டேன் என்கிறது, கோபம் மட்டும் தாராளமாக வருகிறது. நலமா என்று கேட்டு ஆரம்பிக்கலாம் என்றால், உங்களுக்கு இனி என்ன குறை? மாசி மாதக் காய்ச்சலில் மூன்றே நாளில் கண்ணை மூடிக்கொண்டீர்கள். கண்ணை விழித்துக்கொண்டு மாட்டிக்கொண்டவள் நான்.

குளுவாங் சமாசாரம் கேளுங்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறதே உங்கள் ஐந்து வீடு, அதில் முதல் வீட்டுத் தையற்காரர் குடும்பத்தோடு நாகப்பட்டணம் கப்பல் ஏறிவிட்டார். தோட்டங்களில் ஆள் குறைத்த பிறகு சட்டை தைக்க யார் வருவார்கள்? இரண்டாவது வீட்டில் காப்பிக்கடை வைத்திருக்கிற சீன முதலாளி, தவுக்கே, வாடகை கேட்டால் சிரிக்கிறார். “வாங் தாடா லா, அம்மா” என்று, காசு இல்லை என்பதை மலாயில் சொல்லிவிட்டு ஒரு பொட்டலம் காப்பித்தூளைக் கையில் வைக்கிறார். மூன்று மாதமாக நான் குடிக்கிற காப்பி எல்லாம் உங்கள் வாடகைதான். மூன்றாவது வீடு பூட்டிக் கிடக்கிறது. நாலாவது வீட்டில் ரப்பர் ஷீட்டு வாங்கி விற்றவன் தராசை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லாமல் போய்விட்டான். ஐந்தாவதில் நான் இருக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று நான் சொன்னேனா இல்லையா? இரண்டு வீடு போதும் என்றேன். ரயில் பாதைச் சடக்குக்குக் கல் அடித்து, முதுகு ஒடிந்து சேர்த்த காசில் அந்த இரண்டையும் கட்டினீர்கள். அதில் எனக்கும் பெருமைதான். அதற்குப் பிறகுதான் ரப்பர் விலை ஏற, ஊரே வீடு கட்ட, உங்களுக்கும் ஆசை வந்தது. “செட்டியார் கடையில குடுக்கிறாங்க காமாச்சி, வாங்கிக் கட்டிப் போட்டா வாடகையே கடன அடைச்சிரும், நாம உக்காந்து சாப்பிடலாம்” என்றீர்கள். இப்போது வீடுகள் உட்கார்ந்து சாப்பிடுகின்றன.

எல்லாவற்றையும் என் பேரில் எழுதினீர்கள். என் ஜாதகத்தில் வீடு யோகம் இருக்கிறது என்று யாரோ சொன்னானாம். பசாரில் நாலு பேர் முன்னால், “நம்ம வீட்டம்மாதான் அஞ்சு வீட்டுக்கும் எசமானி, நான் வெறும் கணக்கப்பிள்ளை” என்று சொல்லிச் சிரிப்பீர்கள். எனக்கும் உள்ளுக்குள் குளுகுளு என்றுதான் இருந்தது. பிறந்த வீட்டில் என் பேரில் ஒரு செம்புகூட இருந்ததில்லை. எசமானி ஆனபோது கடனுக்கும் நானே எசமானி என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லாமல் போயிற்று.

இல்லை, பொய். புத்தி இருந்தது. அந்த நாளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

செட்டியார் கடை ஏஜெண்ட் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். நான் கதவோரம் நின்றேன். அவர் பேனாவை எடுத்து நீட்டி, “அம்மா கையெழுத்துப் போடுவாகளா, இல்ல வாசிச்சுக் காட்டணுமா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? “அவளுக்கு என்னங்க எழுத்து வாசனை! கைநாட்டுதான்” என்றீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள்.

தங்கராசு அப்பா, சாயங்காலமானால் கதவைச் சாத்திவிட்டு உங்களுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டியது யார்? மறுநாள் காப்பிக்கடையில் உட்கார்ந்து, நீங்களே வாசித்ததைப்போல ஊருக்கெல்லாம் சேதி சொல்வீர்களே, அது யார் வாய்ச் சேதி? உங்களுக்குப் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அதுவும் படி ஏறுகிறவன் மாதிரி ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று வரும். அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து விழக்கூடாது, அதுதானே? எனக்குப் புரிந்தது. பொண்டாட்டி எழுத்து அழகாக இருக்கிறது என்று ஏஜெண்ட் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். அதனால் கட்டைவிரலை நீட்டினேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மைப்பெட்டி வரும் நேரத்துக்குள் நான் அந்தப் பத்திரத்தை வாசித்துவிட்டேன். ஐந்து வீடுகளையும் விற்று வரும் தொகை போதாவிட்டால் பாக்கிக்கு நானே சொந்தப் பொறுப்பு என்று எழுதியிருந்தது. வாசித்துக்கொண்டே விரலை அமுக்கினேன். உங்கள் கௌரவத்துக்காக என்று அன்று நினைத்தேன். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கப் பயந்தேன் என்று இன்று தோன்றுகிறது. இரண்டும்தானோ என்னமோ.

இப்போது ரப்பர் விலை கிடக்கிற கிடையில் வீட்டுக்கு ஏது விலை? மெர்சிங் போகிற சடக்கில் நம் வீடு மாதிரியே இருந்த ஒன்று ஏலத்துக்கு வந்தது. எடுத்தவன் தகரத்துக்கும் பலகைக்கும் மட்டும் விலை சொன்னான், நிலம் அவனுக்குச் சும்மா வந்தது. அந்தக் கணக்கில் ஐந்தையும் விற்றாலும் கடனில் பாதிகூட அடையாது.

போன மாதம் ஏஜெண்ட் வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பாவம், அவர் முதலாளி ஊரிலிருந்து வாரம் ஒரு தந்தி கொடுக்கிறாராம். “அம்மா, மகன் ரயில்வேயில எழுத்து வேல பாக்குற கிராணியா இருக்காப்ல. ஜாமீனா அவரு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், நான் ரெண்டு வருசம் தவணை வாங்கித் தாரேன்” என்றார். தங்கராசுக்கு இருபத்திரண்டு வயதாகிறது. லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வருகிறான். விஷயத்தைச் சொன்னதும் துள்ளிக்கொண்டு, “போட்டுடறேம்மா, ஒரு கையெழுத்துதானே, என்ன வந்துடப் போவுது?” என்றான். அப்படியே உங்கள் குரல். கடன்காரன் என்று கோர்ட்டில் அவன் பேர் ஏறினால் சர்க்கார் வேலை அன்றோடு சரி. பேனாவைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். நல்ல பேனா. அவனுடைய முதல் சம்பளத்தில் வாங்கியது.

“பின்ன என்னதாம்மா பண்றது?” என்றான். அதற்குத்தான் வக்கீலிடம் போனோம்.

கோர்ட்டு கூடுகிற வியாழக்கிழமைகளில் ஜொகூர்பாருவிலிருந்து வருகிற வக்கீல் அவர். பேசியதெல்லாம் இங்கேயே இருக்கிற அவருடைய குமாஸ்தாக் கிராணி. இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, மஞ்சக் கடுதாசி. திவால் என்று மனுக் கொடுத்து எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும். வீடு, பாத்திரம், பண்டம், உங்களுக்காகக் கழற்றி வைத்தேனே அந்தத் தாலிக்கொடி, அதையும்கூட எழுத வேண்டுமாம். கோர்ட்டுக் கதவில் என் பேரை ஒட்டுவார்கள். அதோடு கடன் என்னோடு நிற்கும், மகனைத் தொடாது.

இரண்டாவது வழியைச் சொல்லும்போது அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “அம்மா, பத்திரத்துல கைநாட்டுதானே இருக்கு? எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளகிட்ட வாசிச்சுக் காட்டாம விரல் வாங்கிட்டாங்கன்னு சத்தியம் பண்ணுங்க. மிச்சக் கடன் உங்க தலையில விழாது. அதிர்ஷ்டம் இருந்தா நீங்க குடியிருக்கிற வீடே நிக்கும். ஒண்ணு மட்டும், இன்னையிலருந்து பேப்பர், கடுதாசி எதையும் யார் முன்னாலயும் படிச்சுடாதீங்க லா.”

சிரிக்கிறீர்களா? நீங்கள் சொன்ன ஒரு பொய் இப்போது என்னைக் காப்பாற்றக் கை நீட்டுகிறது. நான் ஒத்துக்கொண்டேன். ஆமாம், ஒத்துக்கொண்டேன்! குடியிருக்கிற வீடு போகும் என்றால் உங்களுக்குப் பயம் வராதா?

மூன்று நாள் படிக்காதவளாக இருந்து பார்த்தேன். அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உப்புப் பொட்டலத்தைப் பிரித்தால் தாளில் இருப்பதைக் கண் வாசித்துவிடுகிறது. கடைப் பலகையைப் பார்த்தால் வாய் முணுமுணுக்கிறது. பத்திரிகைக்காரன் வந்தபோது, “வேணாம்ப்பா, வாசிச்சுக் காட்ட ஆளு இல்ல” என்று ஒரு பொய் சொன்னேன். அவன் உங்களை நினைத்து “ஆமாக்கா, அண்ணன் போனப்புறம் யாரு இருக்கா?” என்று கண் கலங்கினான். அங்கேயும் உங்களுக்குத்தான் பேர்.

நாலாம் நாள் மாரியாயி வந்தாள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிற மாரியாயி, அவள் ஊர்க் கடிதங்களை எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன், பதிலும் எழுதித் தருவேன், உங்களுக்குத் தெரியும். கையில் பிரிக்காத கடிதம். அந்த நேரம் பார்த்துத் தவுக்கே கடை வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிராணி சொன்னது காதில் மணி அடித்தது.

“எனக்குப் படிக்கத் தெரியாது மாரியாயி” என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள். “அலமாக், என்னக்கா வெளையாடுறீங்க?” என்றாள். நான் சிரிக்கவில்லை. அவள் முகம் சுருங்கிப் போயிற்று. “நான் எதும் தப்பு பண்ணிட்டேனாக்கா?” என்று கேட்டுவிட்டு, கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு போனாள்.

பசாரில் வெற்றிலைக் கடைக்காரன் அதை வாசித்திருக்கிறான். அவனுக்குக் குரலைத் தணித்து வாசிக்கத் தெரியாது. அவள் தாய் செத்துப்போன சேதி. மீன்காரன், கறிக்காரன், கூடை சுமக்கிறவன் எல்லாரும் கேட்க, நடுப் பசாரில் நின்றுகொண்டு அதை அவள் கேட்டாள். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாளாம். நான் வாசித்திருந்தால் முதலில் அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்திருப்பேன். தண்ணீர் கொடுத்திருப்பேன். வயசானவங்க மாரியாயி, படுக்கையில் கிடக்காமல் போனாங்க என்று எதையாவது சேர்த்து வாசித்திருப்பேன்.

சேதி கேட்டு ஓடினேன். தோட்டத்து லயத்தில், தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை வாங்கி, எல்லாரும் பார்க்க, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை திரும்ப வாசித்தேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, “இன்னொரு வாட்டி படிங்கக்கா” என்றாள்.

திரும்பி வரும் வழியில் ஏஜெண்ட் ஞாபகமும் வந்தது. வாசிச்சுக் காட்டணுமா என்று கேட்ட ஒரே மனுஷர் அவர். அவர் ஏமாற்றினார் என்றுதானே நான் சத்தியம் செய்யப் போகிறேன்? அவருக்கும் ஊரில் ஒரு குடும்பம் இருக்கும். உங்கள் வெட்கத்துக்கு இன்னும் எத்தனை பேர் படி அளக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் கிராணிக்கு ஆள் அனுப்பினேன். மஞ்சக் கடுதாசியே எழுதுங்கள் என்றேன். “அவசரப்படாதீங்கம்மா, வியாழக்கிழமை வரைக்கும் யோசிங்க” என்று சொல்லி அனுப்பினார். எனக்கு என்னைத் தெரியும். இரண்டு நாள் யோசித்தால் இந்த ஐந்தாவது வீட்டு ஜன்னலைப் பார்ப்பேன், நீங்கள் வைத்த வாழையைப் பார்ப்பேன், மறுபடியும் எழுத்து மறந்துவிடும்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எழுதிச் சிங்கப்பூர்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன், கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்கு வாசித்துக் காட்டினேனே, அதே பத்திரிகைக்கு. ரயிலில் நாளைக் காலை போய்விடும். அச்சில் வந்துவிட்டால் குளுவாங்கில் யாரும் காமாட்சி படிக்காதவள் என்று சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. நீங்கள்தான் மன்னிக்க வேண்டும், உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதும் இதோடு ஊருக்குத் தெரிந்துவிடும். அதை எழுதும்போது மட்டும் கை நின்றது. உங்கள் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் கொஞ்சமில்லை. ஆனாலும் ஒரு நாள் சாயங்காலம், வாசித்துக்கொண்டிருக்கும்போது, “எனக்கும் அந்த எழுத்தக் காட்டு காமாச்சி” என்று கேட்டிருக்கக் கூடாதா? நான் சிரித்திருப்பேனா?

வியாழக்கிழமை அவர்கள் மைப்பெட்டியை நீட்டுவார்கள், நான் பேனா கேட்பேன். வீடு போகட்டும், தாலிக்கொடி போகட்டும், கதவில் பேர் ஒட்டட்டும். லாயாங் லாயாங்கில் தங்கராசுக்கு ரயில்வே கொடுத்த ஒற்றை அறையில் எனக்கும் ஒரு பாய் விரிக்க இடம் இருக்கிறது. மாசியில் உங்கள் திதிக்கு அங்கேயே இலை போடுவேன், கோபத்தோடுதான் போடுவேன், குறை வைக்க மாட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். தங்கராசுக்கு நாளைக்கு ஒருத்தி வருவாள். அவளுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் முதல் மாதமே நான் சொல்லிக் கொடுப்பேன். நம் வீட்டில் எந்தத் தாள் நீட்டப்பட்டாலும் முதலில் அவள் வாசிப்பாள், சத்தமாக, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

இப்படிக்கு,
உங்கள் தங்கராசுவின் அம்மா
காமாட்சி
(என் கையெழுத்து)