“வர மாட்டார்” என்று எழுதிய கை

வார்னுபே
18 செப்டம்பர் 2011, ஞாயிறு

அன்பு மகள் ரமூனேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அயர்லாந்து மழையில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி எலேனாவும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். நாலு நாளாக போன் போட்டும் எடுக்கவில்லை என்று பயந்திருப்பாய். போன் கெட்டுப் போகவில்லை, நான்தான் ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். வேறு யாராவது உன் காதில் போடுவதற்குள் என் கையால் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆகஸ்ட் கடைசியில் எங்கள் வட்டாரத்து ஆசிரியர்கள் பதினாறு பேர் மூன்று நாள் பஸ்ஸில் போனோம் என்று சொன்னேன் அல்லவா, யூதர்கள் வாழ்ந்த ஊர்கள், அவர்களின் பழைய தொழுகைக் கூடங்கள், ஜெர்மன்காரர்கள் வந்த காலத்தில் அவர்களைக் கொன்று புதைத்த குழிகள், இவற்றைப் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று. வில்னியஸிலிருந்து ஹென்யா என்று ஒரு அம்மாள் கூட வந்தார், எழுபது வயது, நடையில் எங்களை எல்லாம் தோற்கடித்துவிட்டார். மூன்றாம் நாள் பஸ் நம் ஊருக்கே திரும்பி, நாம் காளான் பொறுக்கப் போவோமே அந்த பைன் காட்டில் நின்றது. குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு அந்த அம்மாள் நம் பள்ளிக்கூடத்தின் 1941 செப்டம்பரில் திறக்கும் வகுப்புகளுக்கு முன்கூட்டியே போட்டு வைத்த வருகைப் பதிவேட்டின் நகலைச் சுற்றுக்கு விட்டார். அதில் பதினோரு யூதப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே “வர மாட்டார்” என்று எழுதியிருந்தது. பதினோரு தடவையும் அதே இரண்டு வார்த்தை, கீழே தேதி ஆகஸ்ட் 12. அவர்களைச் சுட்டுக் கொல்லக் காட்டுக்கு நடத்திப் போனது 15ஆம் தேதி. ரமூனே, அது அங்கே வாத்தியாராக இருந்த தாத்தாவின், என் அப்பாவின் கையெழுத்து. எனக்கு அ ஆ போடச் சொல்லிக் கொடுத்த அதே கையெழுத்து, உன் முதல் நோட்டின் அட்டையில் உன் பெயரை எழுதினாரே அதே கை. அப்போது அவருக்கு இருபத்துநாலு வயது. நான் தாளைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் தூக்கமில்லை. ஒவ்வொரு செப்டம்பர் முதல் தேதியும், பள்ளி திறக்கும் நாளில், தாத்தா கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். வகுப்பில் நிற்கக் கூச்சம் என்று என் அம்மா சொல்வார், நானும் நம்பினேன். மேலிடத்து உத்தரவுக்குத்தான் எழுதினாரா, யாராவது காதில் சொன்னார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வீடுகளுக்குப் போய்ச் சொல்ல மூன்று நாள் இருந்தது, அவரிடம் சைக்கிளும் இருந்தது.

போன செவ்வாய் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள், போய் வந்த ஒவ்வொருவரும் மனதில் நின்றதைச் சொல்ல வேண்டும். எல்லாரும் சொன்னார்கள், ஒருத்தி அழுதாள், பிறகு காபி, கேக். என் முறை வந்தபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையெழுத்து என் அப்பாவுடையது என்று சொல்லிவிட்டேன். கணக்கு வாத்தியார் ரொமுவால்தாஸ்தான் எழுந்து, “ஸ்தெஃபா, என் அப்பனுக்கு எழுத்தறிவிச்ச மனுஷன் அவரு, நூலகத்துக்கே அவரு பேருதான் வெச்சிருக்கு, செத்தவர சந்திக்கு இழுக்குறியே, வெக்கமா இல்ல?” என்றார். கூட்டத்துக்கு வந்திருந்த ஹென்யா அம்மாள் மட்டும் வாசல்வரை கூட வந்து, “என் அம்மாவோட தம்பி பேரும் அந்தப் பதினொண்ணுல இருக்கு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நினைவு நாள்ல அந்தப் பேர்கள நீங்க படிக்கிறீங்களா? பயமா இருந்தா வேண்டாம், நானே படிச்சுக்கிறேன்” என்றார். பயமாகத்தான் இருக்கிறது என்றேன். பிறகு படிக்கிறேன் என்றும் சொன்னேன், எந்த தைரியத்தில் சொன்னேனோ.

அன்றிலிருந்து போன் வரும், எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும், அதனால்தான் ஒயரைப் பிடுங்கினேன். பக்கத்து வீட்டு யாத்விகா பால் வாங்க வருவதில்லை. வியாழக்கிழமை தபால் பெட்டியில் ஒரு தாள், “போதும் டீச்சர்” என்று. முப்பத்தைந்து வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவள் நான், இன்னொரு நொடி பார்த்திருந்தால் யார் எழுதியது என்று தெரிந்திருக்கும். பார்க்கவில்லை, அடுப்பில் போட்டுவிட்டேன். தெரிந்துகொள்ளப் பயம். தாத்தாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டே அடுப்புக் கதவை மூடினேன்.

அப்பா நாலு நாளாக இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. முதல் நாள் மட்டும், “வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டிருக்கலாம்ல” என்றார், அவ்வளவுதான். நேற்று சாயங்காலம் நான் சமையலறையில் பீட்ரூட் வேகும்போது ஹென்யா அம்மாள் எழுதிக் கொடுத்த பெயர்களைச் சத்தமாகப் படித்துப் பழகிக்கொண்டிருந்தேன், தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று. “கிட்டில்” என்று ஒரு பெண்ணின் பெயரை இரண்டு மூன்று தடவை சொன்னேன். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, “கிட்டில் இல்ல, கீத்தல். நூல் கடைக்காரர் பொண்ணு. எங்கம்மா அப்படித்தான் சொல்லுவா” என்றார். முப்பத்தெட்டு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம், அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து கேட்டதே இல்லை. மற்ற பத்துப் பெயரும் தெரியுமா என்று கேட்டேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, தாளை இப்படிக் கொடு என்று கையை நீட்டினார்.

உன் வீட்டுச் சுவரில் இருக்கும் தாத்தா படத்தை எடு என்றும் சொல்ல மாட்டேன், இருக்கட்டும் என்றும் சொல்ல மாட்டேன், உனக்கு எது தோன்றுகிறதோ அதைச் செய். எலேனாவுக்குக் காதை மூடித் தொப்பி போடு. வருகிற வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் காட்டில் படிக்கிறேன், அந்த நேரம் என்னை நினைத்துக்கொள், சாயங்காலம் ஒயரைச் செருகி வைக்கிறேன், மறக்காமல் கூப்பிடு. கடவுள் உங்கள் மூவரின் தலைமேலும் கை வைத்திருக்கட்டும்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா
ஸ்தெஃபானியா