நான் தைத்த மெத்தை

என் அன்பு மாப்பிள்ளை கதிருக்கு,

நீங்கள் போய்ப் பன்னிரண்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயம்தான். இப்போது அந்தப் பயத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. என் தங்கைக்குத் தெரிந்துவிட்டது. இனி யார் படித்தால் என்ன? எல்லோரும் படிக்கட்டும்.

நீங்கள் போன பிறகு யமுனா அழுததைவிட உங்களைத் திட்டியதுதான் அதிகம். உங்கள் போட்டோவைச் சுவரில் மாட்டவில்லை. அலமாரிக்குள் திருப்பி வைத்திருந்தாள். "அத்தனை பெரிய மெத்தைய விரிச்சு வெச்சிருந்தீங்க. அத விட்டுப்போட்டுப் பாறைல போயி உழுந்திருக்காரே, அப்பிடி என்னங்கண்ணா அவசரம் அவருக்கு?" என்று கேட்பாள். நான் "என்ன பண்றது அம்மணி" என்பேன். பதினோரு மாதமும் அவளுக்கு நான் சொன்ன பதில் அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கணபதியில் பம்பு உதிரிபாகம் செய்யும் பட்டறையில் உங்களுக்கு வேலை. ஞாயிறு காலையானால் பட்டறை நண்பர்கள் மூன்று பேரோடு கிணத்துக்கடவுப் பக்கம் கிளம்பிவிடுவீர்கள். தென்னந்தோப்புகளைத் தாண்டினால் வீடு உயரத்துக்குப் பாறைகள் கிடக்கும். அவற்றில் கயிறு கட்டாமல், வெறும் கையாலும் காலாலும் ஏறுவீர்கள். விழுந்தால் தாங்கக் கீழே ஒரு பழைய கட்டில் மெத்தை கிடக்கும். சில வாரம் நானும் வருவேன். ஏறத் தெரியாது, கீழே நின்று பார்ப்பேன்.

அந்தப் பழைய மெத்தை கிழிந்தபோது நீங்கள் போனில் ஒரு மெத்தைப் படத்தோடு சிங்காநல்லூரில் என் கடைக்கு வந்தீர்கள். நான் சோபா, குஷன் வேலை செய்கிறவன்.

"மச்சான், டவுன்ல பாறை ஏறப் பழக்கற ஹால் ஒண்ணு இருக்குதுங்க. இதுக்குன்னே கிராஷ் பேட்னு மெத்தை வெச்சிருக்காங்களாமா. மேல கெட்டி, கீழ மெது, ரெண்டு அடுக்கா வருமாமுங்க. ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வரலாமுங்களா?"

"ஏனுங்க மாப்ள, இருவது வருசமா பஞ்சுலயே கெடக்கறவன் நானு. எனக்கே மெத்தை காட்டறீங்களா? ஒரு வாரம் பொறுங்க, செஞ்சு தாரேன்."

செய்து தந்தேன். நாலு அங்குல சோபாப் பஞ்சு, மேலே நல்ல கேன்வாஸ், மூலைக்கு மூலை ரெக்சின், தோளில் மாட்ட இரண்டு பட்டை. கடைக்கு வந்தவர்களெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். நீங்கள் வந்து தரையில் விரித்தீர்கள். கைமுட்டி மடக்கி நடுவில் ஒரு குத்து விட்டீர்கள். முட்டி தரையில் இடித்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

"கை தரைல படுதுங்களே மச்சான்."

"கையில குத்துனா அப்படித்தானுங்க. ஆளு உழுந்தா ஒடம்பு பூரா பரவித் தாங்கும்."

நீங்கள் மெத்தையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். பிறகு, "சரிங்க மச்சான்" என்றீர்கள்.

அந்தச் 'சரிங்க'வை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உங்கள்மேல் எரிச்சல் வருகிறது, மாப்பிள்ளை. பட்டறையில் நூலளவு பிசகிய உருப்படியைத் தூக்கி ஓரமாகப் போடுகிற ஆள் நீங்கள். என் மெத்தையைத் தூக்கிப் போட மட்டும் ஏன் கை வரவில்லை? பெண் கொடுத்த வீட்டுக்காரன், எட்டு வயது மூத்தவன், முகம் சுருங்கிவிடுவான் என்றா? சுருங்கட்டுமே. நான் நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு பேசியிருப்பேன். நான் உங்களை ஒரு நாளும் 'நீ' என்று சொன்னதில்லை, நீங்களும் என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் என்ன கண்டோம்?

ஆனால் தெரிந்தே செய்தவன் நான். உட்காருகிறவன் அமிழ வேண்டும் என்பதற்காகத்தான் சோபாவுக்கு அந்தப் பஞ்சைப் போடுகிறோம். பன்னிரண்டு அடியிலிருந்து விழுகிறவனுக்கு அது ஆகாது என்று என் கைக்குத் தெரியும். இன்னொருவன் செய்த மெத்தையைப் போய்ப் பார்க்க என் வீம்பு விடவில்லை. இதற்கு வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பட்டறை முருகேசும் மற்ற இரண்டு பேரும் பாறைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள். கீழே நான் மட்டும். நீங்கள் உச்சிக்கு ஒரு கை தூரத்தில் இருந்தீர்கள். வலது கை வழுக்கியது. மல்லாந்து விழுந்தீர்கள். மெத்தைக்கு நடுவில், தச்சன் அளந்து வைத்த மாதிரி நட்டநடுவில் விழுந்தீர்கள். பஞ்சு அப்படியே இறங்கியது. அடியில் இருந்த பாறையில் பின்மண்டை மோதியது. கண் திறந்தே இருந்தது. அந்த நொடியில் உங்களுக்கு என்மேல் கோபம் வந்ததா? அதற்குக்கூட நேரம் இல்லையா?

நான் உங்களைத் தோளைப் பிடித்து இழுத்து, பக்கத்து மண் தரையில் என் மடிமேல் கிடத்தினேன். காற்றுப் படட்டும் என்றுதான் இழுத்தேன். முருகேசு ஓடிவந்தார். நீங்கள் கிடந்த இடத்தையும் மெத்தை கிடந்த இடத்தையும் பார்த்தார். "அடக் கடவுளே, மெத்தைக்கு வெளிய உழுந்துட்டாரே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் சொல்லவில்லை. சடங்கு முடிந்து வந்திருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கிளம்பும்போதும் சொல்லவில்லை. ஒரு வாரம் போனதும் அதுவே நடந்த கதை ஆகிவிட்டது. நல்ல மெத்தை இருந்தும் விழத் தெரியாமல் விழுந்தவர் என்று உங்களுக்குப் பெயர் வந்தது. நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் முருகேசு கடைக்கு வந்தார். வண்டியின் பின்னால் அந்த மெத்தை கட்டியிருந்தது. அதை அவர்கள் எடுத்துப் போனதும், ஞாயிறு தோறும் அதன்மேல் விழுந்துகொண்டிருந்ததும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"துணி கிழிஞ்சுபோச்சுங்கண்ணா, மாத்திக் குடுங்க. இதே மாதிரி இன்னொண்ணும் வேணுமுங்க. புதுசா நாலு பேரு வாராங்க."

யமுனா உள்ளே தையல் மெஷினில் இருந்தாள். வாரத்தில் மூன்று நாள் கடைக்கு வருவாள். எழுந்து வந்து மெத்தையைப் பார்த்தாள். தொடவில்லை. "இன்னொண்ணு செய்யறதுக்கு முன்னால, அவரு சொன்ன ஹால்ல ஒருக்கா போயிப் பாத்துரலாமுங்கண்ணா. நெம்ப நாளாச் சொல்லிட்டே இருந்தாரு" என்றாள். நான் வேலை இருக்கிறது என்றேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

அந்த ஹாலில் சொல்லிக்கொடுப்பது ஒரு சின்னப் பெண். முருகேசு கொண்டுவந்த மெத்தையையும் அவர்களுடைய மெத்தையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். யமுனாவைக் கூப்பிட்டு, "குத்திப் பாருங்கக்கா" என்றாள். அவர்களுடையதில் யமுனாவின் கை பாதியில் நின்றுவிட்டது. என்னுடையதில் தரையில் இடித்தது.

"மேல இருக்கற கெட்டி ஃபோம் விழற வேகத்த அகலமாப் பரத்திரும். கீழ இருக்கற மெது ஃபோம் அத வாங்கிக்கும். ரெண்டும் வேணுமுங்கக்கா. மடிக்கற மெத்தைன்னா நடு மடிப்புல காலு மாட்டாம மேல மூடி இருக்கான்னு பாக்கோணும்." அவள் என் மெத்தையைக் காலால் அமுக்கினாள். "இது சோபாப் பஞ்சுங்க. இதுல விழறதும் தரைல விழறதும் ஒண்ணுதான். யாருங்க செஞ்சது?"

முருகேசு என்னைப் பார்த்தார். நான் யமுனாவைப் பார்த்தேன்.

"நாந்தான் செஞ்சேன்" என்றேன். அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. "அவரு வெளிய உழுகல அம்மணி. இதுலதான் உழுந்தாரு."

"இதுலயா?"

"நடுவுல."

அவள் அழவில்லை. அந்தப் பெண்ணிடம் திரும்பி, எது பெரியது, வண்டியில் கட்ட முடியுமா, பெண்பிள்ளைகள் தூக்க முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நாலைந்தைக் குத்திப் பார்த்து ஒன்றை எடுத்தாள். "இதக் குடு கண்ணு. முருகேசண்ணன் எடுத்துக்குவாரு."

தெருவுக்கு வந்த பிறகுதான் என்னிடம் பேசினாள்.

"பதினோரு மாசம் அவரத் திட்டித் தீத்தேன். திருப்பிப் பேச வாயில்லாத மனுசன. நீ பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்த. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நீ வாயத் தெறந்திருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேன்."

பிறந்ததிலிருந்து என்னை 'வாங்க, போங்க' என்று சொன்னவள். அன்றைக்கு 'நீ' என்றாள், அண்ணா என்றும் சொல்லவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

அதன்பிறகு கடைக்கு அவள் வரவில்லை. வீட்டு வாசலில் நின்றால் கதவைத் திறப்பதில்லை. உங்கள் போட்டோவை வெளியே எடுத்து மாட்டியிருக்கிறாள் என்று முருகேசு சொல்லித்தான் தெரியும். முருகேசு மூலமாக எனக்கு ஒரு சொல் அனுப்பினாள்: யார் யாரிடம் பொய் நின்றதோ, அவரவரிடம் நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டுமாம்.

அந்த மெத்தையைக் கடை மேசையில் போட்டு அறுத்துத் துண்டுபோட்டேன். பிறகு வீடு வீடாகப் போனேன். கேட்டவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை, மாப்பிள்ளை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "உடுங்க, வேணும்னேவா செஞ்சீங்க?" என்றார்கள். காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் பலகாரமும் வைத்தார்கள். என்னைச் சமாதானம் செய்ய எல்லோருக்கும் அவ்வளவு அவசரம். உங்களைப் பற்றிச் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை. திட்டியது என் தங்கை ஒருத்திதான். உங்களுக்காக நின்றதும் அவள் ஒருத்திதான்.

இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கிறது. சத்தியமங்கலத்தில் உங்கள் அம்மா. பார்க்கிறவர்களிடமெல்லாம் "எம் பையன் சின்னதுல இருந்தே அவசரக்காரனுங்க, அதான் போய்ட்டான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். பெற்றவளையே அப்படிப் பேசவைத்துவிட்டேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். வாங்க, உக்காருங்க என்பார்கள். உட்கார மாட்டேன். தண்ணீர்கூட வாங்க மாட்டேன். உங்கள் பையன் அவசரப்படவில்லை, ஒரு தப்பும் செய்யவில்லை, விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தார் என்று நின்றுகொண்டே சொல்வேன். அந்த இடத்தில் கிடந்தது நான் செய்த மெத்தை என்றும் சொல்வேன். அவர்கள் என்னைச் சமாதானப்படுத்த வாயெடுத்தால், வேண்டாம் என்று சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உங்களுக்குப் பெண் கொடுத்த வீட்டு மச்சான்,
தனபால்