முகம் மட்டும் பாக்கி

மார்ச் 3

அன்புள்ள உருண்டைக்கு,

அக்கா எழுதுவது. கண்ணைத் தவிர மற்றதெல்லாம் நலம். அம்மாவைப் பற்றி நான் எழுதிய கதைக்குப் படம் வரைகிறேன் என்று நீ ஒப்புக்கொண்டு ஒரு வருடம் ஓடிவிட்டது. பதிப்பகத்து அம்மாள் போன் செய்தாள். "உங்க தம்பி படம் வரையறாரா, இல்ல பென்சில் சீவிக்கிட்டே இருக்காரா?" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். மே முதல் வாரம்தான் கடைசிக் கெடுவாம்.

எனக்கு அதைவிட அவசரம். அடுத்த மாதம் கண்ணில் அறுவை சிகிச்சை. "பார்வை நிக்கும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா" என்கிறார் டாக்டர். அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவள் போனபோது நீ தொட்டில் பிள்ளை. நீ வரைவதைப் பார்த்து, இது அம்மா, இது அம்மா இல்லை என்று சொல்ல என் கண்தான் இருக்கிறது. பென்சில் கோடாக இருந்தாலும் அனுப்பு.

அக்கா

மார்ச் 22

அன்பு அக்காவுக்கு,

கோபிக்காதே. மேஜையைக் கழுவினேன். புதுத் தூரிகை வாங்கினேன். அது சரியில்லை என்று மாற்றி வந்தேன். நேற்று ஜன்னலுக்கு வர்ணம் அடித்தேன், கேட்காதே.

அம்மாவின் கை, பின்னல், அடுப்படி, அவள் தைத்த சட்டை எல்லாம் நன்றாகவே வந்துவிட்டன. முகத்துக்கு வந்தால் கை ஓடவில்லை. பார்க்காத முகத்தை நான் யார் வரைய? எனக்குத் தொழில் தெரியும் என்று சொல்லித் திரிந்ததெல்லாம் வெறும் வாய்ச்சவடால்தானோ என்று தோன்றுகிறது.

அது இருக்கட்டும், உன் எழுத்து ஏன் கோழி கிளறின மாதிரி இருக்கிறது? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுகிற மாதிரி இத்தனை பெரிதாக வேறு.

உன் உருண்டை

ஏப்ரல் 5

தம்பி,

பெரிதாக எழுதினால்தான் எனக்குத் தெரிகிறது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் திட்டு நிற்கிறது. நேற்று உன் அத்தான் எதிரே நின்று பேசினார். காது தெரிந்தது, முகம் இல்லை. பயந்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

அறுவை பன்னிரண்டாம் தேதி. அதற்கு முன்னால் அனுப்பு. அம்மாவுக்கு இடது புருவம் சற்றே ஏறியிருக்கும். சிரிக்குமுன் உதட்டைக் கடிப்பாள். தப்பாக வந்தால் திருத்தத்தானே நான் இருக்கிறேன்? உனக்கென்னடா பயம்?

அக்கா

ஏப்ரல் 28

அக்கா,

அறுவை முடிந்துவிட்டது, கட்டு மட்டும் இன்னும் பிரிக்கவில்லை என்று அத்தான் போனில் சொன்னார். பாதி உயிர் வந்தது.

உன் கடிதத்தைத் தினமும் எடுத்துப் படித்தேன். புருவம் போட்டேன், அழித்தேன். உதடு போட்டேன், அழித்தேன். தாளே நைந்து போயிற்று. கடைசியில் புதுத் தாளில் எல்லாவற்றையும் வரைந்து, முகத்தை மட்டும் விட்டுவிட்டேன். எல்லாப் பக்கத்திலும் அம்மாவுக்கு முகம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்கட்டுப் பிரித்ததும் பார்த்துவிட்டு நன்றாகத் திட்டி எழுது. நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வரைந்து முடிக்கிறேன். அச்சகத்துக்கு இப்போது கொடுத்துவிடாதே.

உன் உருண்டை

மே 6

என் கண்ணே உருண்டை,

கட்டுப் பிரித்தாயிற்று. வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், இன்னும் பழகவில்லை. உன் கடிதத்தைப் பிறகு நிதானமாகப் படிக்கிறேன். யாரையும் படித்துக் காட்டச் சொல்ல மனம் வரவில்லை, அது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

உறையைப் பிரித்துப் படங்களைத்தான் முதலில் எடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அம்மாவேதான். அந்தப் புருவம், கடித்த உதடு, எல்லாம் நான் சொன்னபடியே. அழுதுவிட்டேன்.

உன் கைக்கு வந்தால் அழித்துத் தொலைப்பாய் என்று உனக்குத் திருப்பி அனுப்பவில்லை. உறையில் போட்டு ஒட்டி அத்தானிடம் கொடுத்து அச்சகத்தில் சேர்த்துவிட்டேன். "எழுதினவளே பாத்துட்டா, தம்பி வரைஞ்ச முகத்துல ஒரு கோடுகூட மாத்தக் கூடாது" என்று பதிப்பகத்து அம்மாளிடமும் சொல்லிவிட்டேன். அச்சு ஓட ஆரம்பித்துவிட்டதாம்.

இதற்குப் போயா இத்தனை நாள் பயந்தாய்?

அக்கா